கொசுமெல் தீவில் டால்ஃபின் சந்திப்பு: குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025

மார்ச் நடுவில், ஸ்பிரிங் பிரேக் பள்ளி விடுமுறையில், டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஐந்து இரவு க்ரூஸ் கப்பல் பயணம் எடுத்திருக்கிறோம். நான், கணவர், 7 வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். கப்பல் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் ஒரு பகல் நிற்கும். அங்கே டால்ஃபினைத் தொட்டு, முத்தம் கொடுத்து, கூட நீந்தலாமாம். ஒரு ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகிறது. பையன் இப்போதே நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். போனவர்கள் சொல்லுங்கள், கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பதில், 11 ஜனவரி, இரவு

போன மாதம் கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் போய் வந்தோம். நான், கணவர், 8 வயது மகள், அம்மா. அதே கால்வெஸ்டன், அதே கொசுமெல்.

மகளுக்கு அது மறக்க முடியாத நாள். இடுப்பளவு தண்ணீரில் மேடை போட்டிருக்கிறார்கள். பத்துப் பேர் வரிசையாக நிற்க வேண்டும். பயிற்சியாளர் விசில் ஊதிக் கை காட்டினால் டால்ஃபின் ஒவ்வொருவராகக் கடந்து போகும். தொட்டால் அவித்து உரித்த முட்டை மாதிரி வழுவழு என்று, ஆனால் உள்ளே இறுக்கமாக இருக்கும். அரை மணி நேரம் தண்ணீரில் நின்றோம். மகளுக்குக் கிடைத்தது மொத்தமாக நான்கைந்து நிமிடம். உங்கள் காமிராவுக்கு அனுமதி இல்லை. அவர்களே படம் எடுத்து வெளியே வரும்போது விற்பார்கள், எங்களிடம் 90 டாலர் கேட்டார்கள். கொடுத்தோம்.

முக்கியமான விஷயம்: தீவு நேரம் கப்பல் நேரத்தைவிட ஒரு மணி முன்னால். எங்கள் முறை தீவு நேரப்படி காலை பத்தரைக்கு. நான் அதைக் கப்பல் நேரம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி தாமதமாகப் போய் நின்றேன். பகல் ஒரு மணிக்குத்தான் அடுத்த இடம் கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம்.

11 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

நகை பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். டால்ஃபினின் தோல் கீறக் கூடாது என்பது காரணம். நியாயம்தான். ஆனால் அங்கே போய் நின்றுகொண்டு தாலியை எங்கே வைப்பது என்று தவிக்காதீர்கள். நான் அம்மாவிடம் கொடுத்தேன். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுவதும் அதன் மேல் கை வைத்தபடியே இருந்தார்.

சன்ஸ்கிரீனும் கூடாது, தண்ணீரில் கரையும். அதனால் பையனுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள்.

12 ஜனவரி

நேரக் கணக்கில் ஒரு திருத்தம், இது உங்களுக்கு முக்கியம். கொசுமெல் இருக்கும் குவிண்டானா ரூ மாநிலம் 2015 பிப்ரவரியிலிருந்து ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில்தான் இருக்கிறது. கடிகாரத்தைத் தள்ளி வைப்பதே இல்லை. டெக்சஸில் தள்ளி வைக்கிறோம். அதனால் டிசம்பரில் தீவு நமக்கு ஒரு மணி முன்னால். இந்த வருடம் மார்ச் 9-க்குப் பிறகு இரண்டும் ஒன்று. நீங்கள் போவது மார்ச் நடுவில், ஆகவே வித்தியாசம் இருக்காது. என் பேச்சைக் கேட்டு ஒரு மணி முன்பே போய் நிற்காதீர்கள். மியாமியிலிருந்து போகிறவர்களுக்குத் தலைகீழ்: குளிர்காலத்தில் ஒன்றாக இருக்கும், கோடையில் தீவு ஒரு மணி பின்னால். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை மட்டும் எப்போதும் கப்பல் கடிகாரத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கைபேசி தீவுக்குள் போனதும் தானாக மாறிக்கொள்ளும்.

14 ஜனவரி

மூன்று நாளாக மேலே எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

அம்மா மணப்பாட்டில் பிறந்தவர். தாத்தாவுக்கு வள்ளம் இருந்தது. டால்ஃபின் என்ற சொல் அம்மா வாயில் வராது, ஓங்கல் என்றுதான் சொல்வார். சின்ன வயதில் கரையில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஆனால் தொட்டதில்லை, தொட வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. தாத்தா வலையில் ஓங்கல் மாட்டினால் வலையை அறுத்தாவது வெளியே விட்டுவிடுவாராம். அறுத்த வலையைப் பாட்டி இரண்டு நாள் உட்கார்ந்து முடிவாராம்.

கொசுமெலில் டால்ஃபின்களைக் கடலிலேயே கம்பி வலை அடித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் ஒரு மர பெஞ்சு. நாங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஏளா, இந்த ஓங்கல் ஒரே பக்கமாவேல்லா சுத்துது. நீ போனதுலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

நானும் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்துத் தடுப்பில் தனியாக ஒன்று இருந்தது. கம்பி வலையை ஒட்டியே வரும். மூலைக்கு வந்ததும் இடது பக்கமாகத் திரும்பும். மேலே வந்து ஒருமுறை புஸ் என்று மூச்சு விடும். திரும்பப் போகும். பதினொன்று வரை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் மூச்சு விட்டது ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

அந்த வலையின் கண்கள் உள்ளங்கை அகலம். மஞ்சள் முதுகும் கறுப்புப் பட்டைகளுமாகச் சின்ன மீன்கள் அந்தக் கடலில் ஏராளம். அவை கூட்டமாக வலைக்குள்ளே வந்தன. கம்பியில் படிந்த பாசியைக் கொத்தின. வெளியே போயின. மறுபடி வந்தன. அந்தப் பக்கம் தண்ணீர் நீலமாக ஆழத்துக்கு இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே கடல்தான்.

அம்மா தண்ணீரில் இறங்கவில்லை. மூட்டு வலி என்று பயிற்சியாளரிடம் சொல்லச் சொன்னார். அன்று காலைதான் கப்பலில் ஆறு மாடி படியேறி வந்திருந்தார்.

15 ஜனவரி

நேற்றைய குறிப்புக்குக் கீழே ஒருவர் எழுதியது சரி: வட்டமடிப்பதை வைத்து மட்டும் அது துன்பப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. டால்ஃபின் மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்க வைக்கும். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், அதனால் மெதுவாக நீந்திக்கொண்டே ஓய்வெடுக்கும். நாங்கள் பார்த்தது அந்த ஓய்வாகவும் இருக்கலாம். அடைபட்ட விலங்குகள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் உண்டு. எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஆனால் அதே கணக்கு மறுபக்கத்துக்கும் பொருந்தும். "டால்ஃபின் சிரிச்சுதும்மா" என்று மகள் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். அது சிரிப்பு இல்லை, தாடை எலும்பின் வளைவு. நோயில் கிடந்தாலும், பசித்தாலும், இறந்து கரையில் ஒதுங்கினாலும் அந்த முகம் அப்படியேதான் இருக்கும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நம்மில் பாதிப் பேர் காசு கட்டுகிறோம். நானும் அப்படித்தான் கட்டினேன்.

19 ஜனவரி

"அவையெல்லாம் அங்கேயே பிறந்தவை, கடலே தெரியாது, மூன்று வேளையும் மீன் கிடைக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணும் இதையேதான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த டால்ஃபின்கள் மேல் அவருக்கு நிஜமாகவே பாசம் இருந்தது, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

ஆனால் எல்லாமே அங்கே பிறந்தவை என்று சொல்ல முடியாது. 2003-இல் சாலமன் தீவுகளில் பிடித்த 28 டால்ஃபின்களை விமானத்தில் ஏற்றிக் கான்குனுக்குக் கொண்டுவந்தார்கள். கொசுமெலுக்கு எதிர்க்கரையில், கொஞ்சம் வடக்கே இருக்கும் ஊர் அது. பசிபிக் கடலின் அந்தக் கோடியிலிருந்து கரீபியன் வரை. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. 2006-இல் மெக்சிகோ இப்படி இறக்குமதி செய்வதைச் சட்டம் போட்டு நிறுத்தியது.

அங்கேயே பிறந்தவற்றைத் திறந்து கடலில் விட்டுவிட வேண்டியதுதானே என்றால், அதுவும் அவ்வளவு லேசு இல்லை. 2005-இல் கத்ரீனா புயல் அடித்தபோது மிசிசிப்பியின் கல்ஃப்போர்ட்டில் ஒரு காட்சிக்கூடத்திலிருந்து எட்டு டால்ஃபின்களைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தார்கள். எட்டும் ஒன்றாகவே இருந்தன. உடம்பில் காயம், பசி. பயிற்சியாளர்கள் படகில் போனதும் அவர்களிடமே வந்துவிட்டன. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. கடல் கிடைத்தும் அவை தேடியது அந்த மனிதர்களை. இதைப் பாசம் என்பதா, வேறு வழி தெரியாமல் போய்விட்டது என்பதா?

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 1990-களின் கடைசியில் சென்னைக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்கேரியாவிலிருந்து டால்ஃபின்களைக் கொண்டுவந்து காட்சி வைத்தார்கள். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சென்னைக்குப் போனால் கூட்டிப் போகச் சொல்லி அப்பாவிடம் அடம் பிடித்தேன். நாங்கள் போவதற்கு முன்பே, வந்து சில மாதங்களிலேயே, அவை செத்துப்போயின. 2013 மே மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்தியாவில் டால்ஃபின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. ஊரில் கூடாது என்று நிறுத்திய ஒன்றை இங்கே வந்து காசு கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அன்று அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

20 ஜனவரி

"அப்படியானால் அந்த 90 டாலர் படத்தை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டவருக்கு: வீட்டில் மாட்டியிருக்கிறது. மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள், டால்ஃபினின் மூக்கு அவள் கன்னத்தில். அவள் சந்தோஷம் உண்மை. அதைக் கழற்ற மாட்டேன். அவளிடம் இதையெல்லாம் பேசிவிட்டேன். "அப்போ அதுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

2 பிப்ரவரி

கேள்வி கேட்ட தோழி தனிச்செய்தியில் "சரி, அங்கே போகவில்லை என்றால் அந்த ஒரு பகலில் என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கொசுமெலின் பெருமை அதன் பவளப்பாறைகள். உலகின் இரண்டாவது நீளமான பவளத்திட்டின் ஒரு பகுதி அது. 1996-லிருந்து தேசியப் பூங்கா. 7 வயதுப் பையனுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொடுத்து, கரையை ஒட்டியே முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லுங்கள். கிளிமீன் பாறையைக் கடிப்பது காதில் கேட்கும், கறுக் முறுக் என்று முறுக்கு தின்கிற சத்தம். எங்கள் மகள் அன்று சாயங்காலம் கப்பலில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். டால்ஃபினை அப்புறம்தான் சொன்னாள்.

எல் சியேலோ என்று ஒரு மணல் திட்டு இருக்கிறது, படகில் போக வேண்டும். கண்ணாடி போன்ற தண்ணீர், அடியில் கடல் நட்சத்திரங்கள். அவற்றைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கக் கூடாது, பையனிடம் முன்பே சொல்லி வையுங்கள். 2019-இல் பவளப்பாறைகளில் நோய் பரவியதால் அந்த இடத்தைச் சில காலம் மூடியே வைத்திருந்தார்கள்.

மாமியாருக்கு நீரில் இறங்க விருப்பம் இல்லை என்றால் சான் கெர்வாசியோ. தீவின் நடுவே, காட்டுக்குள், மாயா மக்களின் கோயில் இடிபாடுகள். இஷ்செல் என்ற பெண் தெய்வத்தை வணங்க, பிள்ளை வரம் கேட்டு, பெண்கள் பெருநிலத்திலிருந்து தோணியில் கடல் தாண்டி வருவார்களாம். நான் அம்மாவைக் கூட்டிப் போயிருக்க வேண்டிய இடம் இதுதான். வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர் அவர், கேட்டால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

டாக்ஸியில் மீட்டர் கிடையாது. இடத்துக்கு இவ்வளவு என்று விலை உண்டு, அதுவும் வண்டிக்கு. ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாரிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் அமெரிக்க விசா பல முறை நுழையக்கூடியதா என்று பாருங்கள், திரும்பி வர அது வேண்டும்.

16 பிப்ரவரி

இதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்.

அம்மா அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார். அதற்கு முன் கடல் பார்க்க வேண்டும் என்றார். நேற்றுக் கால்வெஸ்டன் போனோம். அங்கிருந்து போலிவர் தீபகற்பத்துக்கு ஒரு ஃபெரி போகிறது. காரோடு ஏறலாம், நடந்தும் ஏறலாம், டெக்சஸ் அரசு நடத்துவது, இலவசம். கடக்க இருபது நிமிடம்கூட ஆகாது. நல்ல குளிர், எதிர்க்காற்று. காரிலேயே இருங்கள் என்றால் அம்மா கேட்கவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் என் கணவரின் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றார்.

பாதி வழியில், பழுப்பு நிறத் தண்ணீரில், ஒரு சாம்பல் முதுகு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒரு பெரியதும் அதன் விலாவை ஒட்டியே ஒரு குட்டியும். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. மகள் கத்துவதற்கு முன் அம்மா கத்திவிட்டார்: "ஓங்கல்! ஏளா, ஓங்கல்!" பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார முதியவர், சொல் புரியாமலே, கை நீட்டிய பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கால்வெஸ்டன் வளைகுடாவில் ஆண்டு முழுவதும் டால்ஃபின்கள் இருக்கின்றன. நாம் ஏறும் க்ரூஸ் கப்பல் புறப்படுவதும் அந்தத் தண்ணீரில்தான். இரண்டு நாள் கடலில் போய், தீவில் இறங்கி, காசு கட்டிப் பார்த்தது, கிளம்பிய இடத்திலேயே இருந்திருக்கிறது. டிசம்பரில் கப்பல் கிளம்பிய நேரத்தில் நாங்கள் உள்ளே சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

தொட முடியாது என்பது உண்மை. உணவும் போடக் கூடாது, 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். படகில் போனால் 50 கெஜம் தள்ளி இருக்கச் சொல்கிறார்கள். எத்தனை முறை வந்தது என்று மகள் எண்ணப் பார்த்தாள், முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தது.

24 மார்ச்

கேள்வி கேட்ட தோழி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். பையன் அழுததால் கடைசியில் டால்ஃபினிடமே போய்விட்டார்களாம். "உங்கள் குறிப்புகளை எல்லாம் படித்த பிறகும் போனேன், மன்னியுங்கள்" என்று எழுதியிருக்கிறார். ஐயோ, என்னிடம் எதற்கு மன்னிப்பு? நானும் போனவள்தானே. அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் நியாயம் பேச முடியாது. பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெரிக்குக் கூட்டிப் போங்கள். வார இறுதியில் கார் வரிசை நீளம், நடந்து ஏறிவிடுங்கள்.

அவர் மாமியாரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாராம். அந்த இடது பக்கம் திரும்பும் டால்ஃபினைப் பார்த்தாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

5 ஜூலை

பெரிய செய்தி. போன மாதம் மெக்சிகோவின் நாடாளுமன்றம் டால்ஃபின் போன்ற கடல் பாலூட்டிகளைக் காட்சிக்கும் கேளிக்கைக்கும் பயன்படுத்துவதைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்திருக்கிறது. செனட்டில் ஒரு எதிர் ஓட்டுகூட இல்லை. அந்த மக்கள் இதை மின்ச்சோ சட்டம் என்கிறார்கள். கரீபியன் கரையோரத்து விடுதி ஒன்றில் காட்சியின்போது துள்ளி விழுந்து அடிபட்ட டால்ஃபினின் பெயர் மின்ச்சோ. கேளிக்கைக்காக இனப்பெருக்கம் செய்வதும் இனிக் கூடாது.

ஏற்கெனவே அந்த நாட்டில் சுமார் 350 டால்ஃபின்கள் அடைபட்டிருக்கின்றன. அவற்றைத் திறந்துவிடப் போவதில்லை, கடைசி வரை பராமரிக்க வேண்டும். கல்ஃப்போர்ட் கதையைப் படித்த பிறகு அது சரி என்றே படுகிறது. எங்களிடம் வந்த டால்ஃபினுக்கு ஒன்பது வயது என்று அந்தப் பெண் சொன்னார். இந்த இனம் நாற்பது வயதுக்கு மேலும் வாழக்கூடியது. இன்னும் முப்பது வருடம் அது அங்கேயே இருக்கக்கூடும். மகளுக்கு அப்போது 38 வயது இருக்கும்.

அந்தப் பயிற்சியாளர் பெண்ணையும் நினைத்துக்கொண்டேன். காட்சி நின்ற பிறகும் அந்த டால்ஃபின்களைப் பார்த்துக்கொள்ள அவரைப் போன்றவர்கள் வேண்டும். கூட்டம் வராத இடத்தில் அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்பதும் ஒரு கவலைதான்.

10 ஆகஸ்ட்

நேற்று அம்மாவிடம் வீடியோவில் பேசினோம். மணப்பாட்டுக் கரையில் நின்று காலையில் ஓங்கல் கூட்டத்தைப் பார்த்தாராம். "எந்தப் பக்கமா போச்சு ஆச்சி?" என்று மகள் கேட்டாள். "தெக்கே பாத்துப் போச்சு மக்ளே. நான் காப்பி குடிச்சு முடிக்குமுன்னே கண்ணுக்கு மறைஞ்சிட்டு" என்றார்.

ஃபெரி பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான்கு முறை போனதில் எனக்குத் தெரிந்தது: நிற்க முன்பக்கம்தான் நல்லது. பின்பக்கம் நின்றால் கடற்காக்கைகளுக்கு ரொட்டி போடுகிறவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தூரத்தில் இறால் படகு வலை இழுத்துக்கொண்டு போவது தெரிந்தால் கண்ணை எடுக்காமல் அதன் பின்னாலேயே பாருங்கள். வலையிலிருந்து தப்புகிற மீனுக்காக அவை அங்கே தொடர்ந்து வரும்.